நோயில்பூசுதல்: சாமியாரை எப்போது கூப்பிடுவது, வீட்டில் என்ன ஆயத்தம் செய்வது

நோயுற்றவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) நோயில்பூசுதல். அதற்கு இருந்த அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பேர் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் செய்துகொண்டிருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. மருத்துவர் கைவிரித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு யாரோ ஒரு பெரியம்மா, "சாமியாருக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பார். அப்போதுதான் கோயில் தொலைபேசி எண்ணைத் தேடுவோம். குருவானவர் ஓடி வருவார். நோயாளிக்கு நினைவிருக்காது. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்ய நாக்கு எழாது, நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கத் தொண்டை திறக்காது. நெற்றியில் எண்ணெய் படுவதை அவர் உணர்ந்தாரா என்று நமக்குத் தெரியாமலே போகும். அப்படிப் பூசினாலும் அருட்சாதனம் அருட்சாதனமே, அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் நோயாளி தன் காதால் கேட்டு, தன் வாயால் ஆமென் சொல்லி அடைந்திருக்க வேண்டிய ஆறுதலை நாம் தாமதத்தால் பறித்துவிடுகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தில் இதைத் திருத்தியது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரிய அருட்சாதனம் இல்லை இது. நோயாலோ முதுமையாலோ ஒருவருக்கு உயிராபத்து தொடங்கும்போதே இதைப் பெறத் தகுந்த நேரம் வந்துவிட்டது என்று அது சொல்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 நவம்பர் 30 அன்று புதிய சடங்குமுறையை ஏற்படுத்தினார், அது 1974 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பூசினார்கள். இப்போது நெற்றியிலும் இரு கைகளிலும் மட்டுமே பூசுகிறார்கள். பேரும் நோயில்பூசுதல் என்று மாறியது. வீட்டில் புழங்கும் பேச்சில் மட்டும் அவஸ்தை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குருவானவர்தான் வரவேண்டுமா?

பலரும் கேட்கிற கேள்வி இது. உபதேசியார் செபிக்கலாம், அருட்சகோதரி நற்கருணை கொண்டுவரலாம், அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவினர்) கூடி செபமாலை சொல்லலாம். எல்லாம் நல்லதே. ஆனால் நோயில்பூசுதலைக் கொடுக்க ஆயரும் குருக்களும் மட்டுமே முடியும், குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டருக்கும் அந்த அதிகாரம் இல்லை. ஏனென்றால் இந்த எண்ணெயோடு பாவமன்னிப்பும் சேர்ந்து வருகிறது. நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும், அவர் பாவம் செய்திருந்தால் மன்னிப்புப் பெறுவார் என்று யாக்கோபு 5ஆம் அதிகாரம் 14, 15ஆம் வசனங்கள் சொல்கின்றன.

இதில் குருவானவர் தன் சொந்தப் பலத்தால் எதையும் கொடுப்பதில்லை. எபிரேயர் திருமுகத்தின்படி நமக்குத் தலைமைக் குரு இயேசு ஒருவரே. நம்மைப்போலவே எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டு, நம் பலவீனத்தைக் கண்டு இரங்கத் தெரிந்தவர் அவர் (4:15). நமக்காகப் பரிந்துபேச என்றென்றும் உயிர்வாழ்கிறவர் (7:25). படுக்கையருகே வரும் குருவானவர் அந்த ஒருவருக்காகத் தன் கையையும் வாயையும் இரவல் கொடுக்கிறார். அவரும் நம்மைப்போல் வலுவற்றவரே. அதனால்தான் தடுமாறுகிறவர்களிடம் பரிவோடு நடக்க முடிகிறது என்று அதே திருமுகம் 5:2இல் சொல்கிறது. இந்தக் குருவானவரைப் பிடிக்காது, அவரோடு சண்டை என்று கூப்பிடாமல் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. உங்கள் அப்பாவின் நெற்றியில் சிலுவை வரையும் கை யாருடையது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சண்டை ஒரு மாதம் பொறுக்கும். முடியவே முடியாதென்றால் பக்கத்துப் பங்குக் குருவானவரை அழைக்கலாம். உங்கள் பங்குத்தந்தைக்கு ஒரு வார்த்தை தெரிவிப்பது முறை.

எப்போது கூப்பிடுவது?

புற்றுநோய் உறுதியான வாரமே கூப்பிடலாம். இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் கூப்பிடலாம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கும்போது, பக்கவாதம் வந்து நினைவு திரும்பியதும், இவையெல்லாம் சரியான நேரங்கள். தனியாக ஒரு நோய் என்று இல்லாவிட்டாலும், வயதால் நன்றாகத் தளர்ந்துபோனவர் பெறலாம். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். சாதாரணக் காய்ச்சலுக்கும் பல் பிடுங்குவதற்கும் இது வேண்டாம். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், தாமதிப்பதைவிடக் கொடுப்பதே முறை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

ஒரு முறைதான் பெறலாம் என்ற நம்பிக்கை தவறு. குணமாகி மறுபடி விழுந்தால் மறுபடி பெறலாம், அதே நோய் இன்னும் மோசமானாலும் பெறலாம். "இப்போதே கொடுத்துவிட்டால் கடைசியில் என்ன செய்வது?" என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடைசி நேரத்துக்குரியது வழியுணவு. இறப்பவர் பயணத்துக்காக வாங்கும் நற்கருணை அது. நம்மில் பலர் எண்ணெயைக் கடைசியாக நினைக்கிறோம். உண்மையில் கடைசி அருட்சாதனம் நன்மைதான்.

அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் எழுந்து நடக்கிறார் என்றால், முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ கோயிலுக்கே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசுதல் பெற்று, பூசையில் நன்மை வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது. அறுவை நாள் காலையில் மயக்க ஊசிக்காக வெறும் வயிறு, இரத்தப் பரிசோதனை, கையெழுத்து என்று ஒரே அமளியாக இருக்கும்.

பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள், 1993 முதல் உலக நோயாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பல பங்குகளில் அன்று நோயாளிகளைக் கூட்டிப் பொதுவில் பூசுவார்கள். படுத்த படுக்கையாக இல்லாதவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. தங்களைப்போல் இருபது பேர் வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

நோயாளியிடம் எப்படிச் சொல்வது?

பெரும்பாலான தாமதங்கள் இங்கேதான் பிறக்கின்றன. "சாமியாரைக் கூட்டிவந்தால் அம்மா பயந்துவிடுவார்" என்பார்கள். உண்மையில் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். தெரியாததுபோல் நடிக்கும் பிள்ளைகளைப் பார்த்து அவரும் நடித்துக்கொண்டிருப்பார். அந்த நடிப்பை உடைக்கப் பெரிய பேச்சு தேவையில்லை. "அம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஃபாதர் வந்து தலையில கைவச்சு செபிச்சு எண்ணெய் பூசட்டுமா? நன்மையும் கொண்டு வரச் சொல்றேன்" என்று கேளுங்கள். கடைசி, அவஸ்தை என்ற சொற்களை வாயில் எடுக்காதீர்கள். "சும்மா பார்க்க வந்தார்" என்று பொய்யும் சொல்லாதீர்கள். கழுத்தில் அணியும் அந்திக்கட்டும் எண்ணெய்ச் சிமிழுமாக ஒருவர் நிற்கும்போது அந்தப் பொய் தாங்காது.

வேண்டாம் என்று நோயாளி தெளிவாகச் சொன்னால் வற்புறுத்தக்கூடாது. இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிட, அவருடைய பழைய சிநேகிதரோ ஞானப்பிள்ளையோ கேட்டால் சில சமயம் தலையாட்டுவார். நினைவிழந்தவர் விஷயம் வேறு. நல்ல நினைவோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று நம்ப இடமிருந்தால் அவருக்குக் கொடுக்கலாம்.

இருபது வருடம் கோயில் பக்கமே போகாதவர், கோயிலில் கல்யாணம் செய்யாதவர், இப்படிப்பட்டவர்களுக்குக் "கொடுக்கமாட்டார்கள்" என்று வீட்டாரே தீர்ப்பு எழுதிவிடுவது பெரிய தவறு. நிலைமையை உள்ளபடி குருவானவரிடம் சொல்லி, நோயாளியோடு அவரைத் தனியாகப் பேசவிடுங்கள். மனம் திரும்ப விரும்புகிறவருக்கு மரண ஆபத்தில் திருச்சபை கதவுகளை அகலத் திறந்து வைத்திருக்கிறது. குருப்பணியை விட்டு விலகிப்போன ஒரு குருகூட மரண ஆபத்தில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்பதே சட்டம். சிஎஸ்ஐ, லுத்தரன் போன்ற சபைகளைச் சேர்ந்த மாமியாரோ மருமகனோ கேட்டால், மரண ஆபத்தில் சில நிபந்தனைகளோடு கொடுக்க வழி உண்டு. அதையும் நீங்களே முடிவு செய்யாமல் குருவானவரிடம் கேளுங்கள்.

தொலைபேசியில் சொல்ல வேண்டியவை

"அப்பாவுக்கு ரொம்ப முடியல, வாங்க ஃபாதர்" என்பது போதாது. பேர், வயது, என்ன நோய் என்பதைச் சொல்லுங்கள். நினைவு இருக்கிறதா, பேசுகிறாரா, காது கேட்கிறதா, விழுங்க முடிகிறதா என்ற நான்கும் மிக முக்கியம். விழுங்க முடியாதென்றால் நற்கருணையை வேறுவிதமாக ஆயத்தம் செய்ய வேண்டும். பேச முடியாதென்றால் பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இன்றிரவே வரவேண்டுமா, நாளைக் காலை போதுமா என்பதை மருத்துவர் சொன்னபடி சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீட்டு அடையாளம் சொல்லி, தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். இரவென்றால் வண்டி அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு எழுப்பத் தயங்காதீர்கள். இதற்காகவே அவர் அங்கே இருக்கிறார். கட்டணம் எதுவும் கிடையாது, பணமில்லை என்பதால் யாருக்கும் அருட்சாதனம் மறுக்கப்படக்கூடாது. காணிக்கை கொடுப்பது உங்கள் விருப்பம்.

அறையும் மேசையும்

கட்டிலின் அருகே, நோயாளி படுத்தபடியே பார்க்கக்கூடிய பக்கத்தில், ஒரு சிறிய மேசை அல்லது ஸ்டூல் போடுங்கள். வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தை (இயேசு அறையுண்ட சிலுவையை) நடுவில் வையுங்கள். இருபுறமும் இரண்டு மெழுகுதிரிகள். ஒரு கிண்ணத்தில் மந்திரித்த தண்ணீரான தீர்த்தம், தெளிக்க இலையோடு ஒரு சிறு கொப்பு. ஒரு தம்ளரில் குடிதண்ணீர், ஒரு தேக்கரண்டி. ஒரு தட்டில் பஞ்சு, ஒரு துண்டு எலுமிச்சை அல்லது ரொட்டி. எண்ணெய்ப் பிசுக்கைக் குருவானவர் விரலில் இருந்து எடுக்க இவை பழைய வழக்கம், சோப்பும் தண்ணீரும் துண்டும் இருந்தாலும் போதும். தீர்த்தம் வீட்டில் இல்லையென்றால் தொலைபேசியிலேயே சொன்னால் கொண்டுவருவார்.

ஆக்ஸிஜன் ஓடும் அறையில் மெழுகுதிரி ஏற்றவே ஏற்றாதீர்கள். சிலிண்டரோ கான்சென்ட்ரேட்டரோ, எதுவானாலும் ஆக்ஸிஜன் மெத்தையிலும் போர்வையிலும் ஊறி நிற்கும், ஒரு பொறி போதும். பாட்டரியில் எரியும் சிறு விளக்குகளை வையுங்கள், சடங்குக்கு ஒரு குறையும் வராது. சாம்பிராணியும் ஊதுபத்தியும்கூட மூச்சுத் திணறுபவர் அறையில் வேண்டாம்.

நோயாளியின் முகத்தைத் துடைத்து, நெற்றியில் தைலமோ திருநீற்றுப் பற்றோ இருந்தால் கழுவிவிடுங்கள். கையில் ஊசிக்குழாய் குத்தி ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம், அந்தக் கையில் பக்கத்து இடத்தில் பூசிக்கொள்வார். தலைப்பக்கத்தை இரண்டு மூன்று தலையணை வைத்து உயர்த்துங்கள். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்தால் மாட்டிவிடுங்கள், காதுக் கருவியைப் போட்டுவிடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். வலிமருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். "தெளிவாக இருக்கட்டும்" என்று மருந்தைத் தள்ளிப்போட்டால், வலியில் நெளிகிறவர் எந்தச் செபத்தையும் கேட்க மாட்டார். எந்த நேரத்தில் விழிப்பாக இருக்கிறார் என்று ஒருநாள் கவனித்து, அந்த நேரத்துக்குக் குருவானவரை வரச்சொல்லுங்கள்.

நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்ற ஒழுங்கு நோயாளிக்கும் வயதானவருக்கும் கிடையாது. அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் கிடையாது. நீரிழிவுக்காரரைப் பட்டினி போடாதீர்கள்.

குருவானவர் வந்தபின்

நற்கருணை கொண்டுவருகிறார் என்றால் வாசலில் நின்று வீட்டுக் கதை பேசவேண்டாம். அமைதியாக உள்ளே அழைத்துப் போங்கள். நற்கருணைச் சிமிழை அவர் வெள்ளைத் துணியில் வைப்பார். கழுத்தில் அந்திக்கட்டு போட்டுக்கொண்டு, சமாதானம் சொல்லி, தீர்த்தம் தெளிப்பார்.

அடுத்தது பாவசங்கீர்த்தனம். எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். பெரியவருக்குக் காது மந்தமென்றால் உரக்கப் பேசுவார். அப்போது கதவுக்கு வெளியே நின்றாலும் கேட்கும், முற்றத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள். காதில் விழுந்தாலும் அதை யாரிடமும் சொல்லக்கூடாது, சட்டமும் அந்தக் கடமையை உங்கள்மேல் வைக்கிறது. பேச முடியாதவரிடம் குருவானவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். ஆமென்றால் கையை அழுத்தவோ கண்ணை மூடித் திறக்கவோ சொல்வார். கை ஒத்துழைக்குமானால் எழுதிக்காட்டலாம், அந்தக் காகிதத்தை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பாவத்துக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் முழுவதும் நினைவில்லாவிட்டால் "ஆண்டவரே, இரங்கும்" என்பதே போதும். நாற்பது வருடப் பாரத்தை இறக்கிவைத்த ஒருவரின் முகம் கதவு திறக்கும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நோயாளிக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

பிறகு எல்லாரும் உள்ளே வாருங்கள். இது குடும்பத்தின் செபமும்கூட. சிறு வாசகம் ஒன்று, மன்றாட்டுகள். வாசகத்தைப் பேரப்பிள்ளை வாசிக்கலாம். அதன்பின் குருவானவர் நோயாளியின் தலைமேல் கைகளை வைப்பார், ஒரு வார்த்தையும் பேசமாட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அமைதியை நிரப்ப யாராவது பாட்டு எடுத்துவிடுவது உண்டு. எடுக்காதீர்கள். யாரும் தொடத் தயங்கும் உடம்பை ஒருவர் தொட்டு நிற்கும் நேரம் அது.

எண்ணெய்ச் சிமிழ் கட்டைவிரல் அளவே இருக்கும், உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு. மூடியில் ஓ, ஐ என்ற இரண்டு இலத்தீன் எழுத்துகளைப் பார்க்கலாம், நோயாளிகளின் எண்ணெய் என்று பொருள். ஆலிவ் எண்ணெய் அது, கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும். பரிசுத்த வாரத்தில் குருக்கள் எல்லாரும் கூடும் எண்ணெய் மந்திரிப்புப் பூசையில் ஆயர் மந்திரித்துக் கொடுத்தது. ஆபத்துச் சமயத்தில் கையில் எண்ணெய் இல்லையென்றால், குருவானவரே அங்கே மந்திரித்துப் பூசலாம். பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்து, ஆண்டவர் தம் இரக்கத்தால் தூய ஆவியின் அருள்கொண்டு உமக்கு உதவுவாராக என்று முதற்பாதியைச் சொல்வார். ஆமென். இரு உள்ளங்கைகளிலும் பூசி, பாவத்திலிருந்து விடுவித்து உம்மை மீட்டு எழுப்புவாராக என்று மறுபாதியைச் சொல்வார். ஆமென். அந்த ஆமென் நோயாளியுடையது. அவருக்குப் பதிலாக நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். நாக்கு மெதுவாக எழும், ஒரு மூச்சு நேரம் காத்திருங்கள். நோயாளி தாமே ஒரு குருவாக இருந்தால் கையின் மேற்புறத்தில் பூசுவது வழக்கம். அவருடைய உள்ளங்கை குருப்பட்டத்தின்போதே பூசப்பட்டுவிட்டது.

எண்ணெயை உடனே துடைக்க வேண்டாம், தானாக உலரட்டும். குருவானவர் விரல் துடைத்த பஞ்சை எரித்துவிடுங்கள். கை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

பூசினால் உடம்பு குணமாகுமா என்று கேட்பார்கள். குணத்துக்காகவும் திருச்சபை உண்மையாகவே செபிக்கிறது, அந்தச் செபம் வெறும் சடங்குச் சொல் அல்ல. ஆன்ம நலனுக்கு ஏற்றதானால் உடல்நலமும் கிடைக்கும் என்பது திருச்சபையின் நம்பிக்கை. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்தக் குருவானவரும் வரமாட்டார். நிச்சயமாகக் கிடைப்பது தைரியமும் சமாதானமும், தன் வேதனை கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்ந்தது என்ற உறவும். பாவசங்கீர்த்தனம் செய்ய இயலாமல் போனவர் மனஸ்தாபத்தோடு இருந்தால் பாவமன்னிப்பும் கிடைக்கிறது.

விழுங்க முடியாதவருக்கு நன்மை

பரலோக மந்திரம் சொல்லி முடித்ததும் நன்மை கொடுப்பார். பக்கவாதம் வந்தவருக்கும் தொண்டையில் கட்டி உள்ளவருக்கும் முழு அப்பம் ஒட்டிக்கொள்ளும், புரையேறும். அரிசிமணி அளவு துண்டு போதும் என்று முன்பே சொல்லுங்கள். சிறு துண்டிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். தேக்கரண்டியில் கொஞ்சம் தண்ணீரோடு நாக்கில் வைக்கலாம். தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதே கெட்டித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கன்னத்தில் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, அரைமணி நேரம் சாய்க்காமல் உட்காரவைத்திருங்கள். திடமாக எதுவுமே இறங்காதவருக்குத் திருஇரத்தத்தை மட்டும் சில துளி கொடுக்க அனுமதி உண்டு. ஆனால் அதற்குக் குருவானவர் பூசையிலிருந்து தனிப் பாத்திரத்தில் கொண்டுவர வேண்டும், அல்லது வீட்டிலேயே பூசை வைக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே சொல்லுங்கள்.

துப்பிவிட்டால் பதறவேண்டாம், குப்பையிலும் போடவேண்டாம். ஒரு சிறு தம்ளர் தண்ணீரில் போட்டு, முழுவதும் கரைந்தபின் மிதிபடாத மண்ணில் ஊற்றுங்கள், அல்லது குருவானவரிடமே கொடுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அன்று நன்மை வேண்டாம். பூசுதல் மட்டும் போதும்.

மருத்துவமனையில்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எல்லா நேரமும் விடமாட்டார்கள். பணியில் இருக்கும் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, "ஐந்து நிமிடம், ஒரே ஒருவர், சிறு செபம்" என்று கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கத்தோலிக்க மருத்துவமனை என்றால் அங்கேயே ஆன்மகுரு இருப்பார், அவரைக் கேளுங்கள். தீவிர சிகிச்சைக் கூடத்துக்குள் தீர்த்தமும் வாசகமும் வேண்டியதில்லை. தலைமேல் கைவைத்து நெற்றியில் பூசினாலே அருட்சாதனம் நிறைவேறிவிடும், இரண்டு நிமிட வேலை. தொற்று அபாயம் இருந்தால் விரலுக்குப் பதில் பஞ்சுக்குச்சியால் பூசவும் சட்டம் இடம் கொடுக்கிறது. நெற்றியில் கட்டு இருந்தால் வேறு இடத்தில் பூசலாம். மயக்கத்தில் இருப்பவரிடமும் பேரைச் சொல்லி, "ஃபாதர் வந்திருக்கார், எண்ணெய் பூசப்போறார்" என்று காதருகே சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் வீடியோவிலோ தொலைபேசியிலோ பூசுதலும் இல்லை, பாவமன்னிப்பும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரக் குரு அந்த வழியில் கூடச் செபிக்கலாம், ஆறுதல் சொல்லலாம். அருட்சாதனத்துக்கு ஒருவர் நேரில் வரவேண்டும்.

நேரம் கைமீறுகிறது என்று தெரிந்தால் வரிசை மாறும். முதலில் பாவசங்கீர்த்தனம், மூச்சு விட்டுச் சொல்ல முடியாவிட்டால் பொதுவாக மனஸ்தாபம் மட்டும். உடனே வழியுணவு. நேரமிருந்தால் அதன்பின் பூசுதல். விழுங்க முடியாதவருக்கு நேரே பூசுதல். காலையில் நன்மை வாங்கியவரும் அன்றே மறுபடி வழியுணவு வாங்கலாம்.

மறதிநோய் உள்ள முதியவர்கள்

பிள்ளைகளின் பேரே மறந்துபோன ஒரு பாட்டி, செபத்தைத் தொடங்கினால் கூடவே சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் எந்தச் செபம் என்பதில் கவனம் வேண்டும். எண்பது வயதுக்காரர் குழந்தையில் படித்தது "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து". "தந்தை, மகன், தூய ஆவி" அவருக்குப் பிற்காலத்தில் வந்த சேர்க்கை, முதலில் மறப்பதும் அதுதான். "பரமண்டலங்களிலே இருக்கிற" என்று தொடங்குங்கள், பிரியதத்த மந்திரத்தை (மரியன்னையை வாழ்த்தும் செபத்தை)ப் பழைய சொற்களிலேயே சொல்லுங்கள். உதடு அசையும். இளம் குருவானவருக்கு அந்தப் பழைய வடிவம் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் உள்ள பழைய செபப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள்.

குருவானவர் வந்துசேரும் முன்

வரும் வழியில் இருக்கும்போதே மூச்சு தடுமாறினால், பாடுபட்ட சுரூபத்தை நோயாளியின் கையில் கொடுங்கள். உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் காதில் மெதுவாகச் சொல்லுங்கள். "சேசு, மரி, சூசை" என்ற மூன்று பேர்களே போதும், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. நாலைந்து பேர் ஆளுக்கொரு செபத்தைக் கத்தாமல், ஒருவர் மட்டும் சொல்லட்டும். வாழ்நாளில் செபிக்கும் பழக்கம் இருந்தவர், குருவானவர் வரமுடியாமல் இறந்தாலும், பாவத்துக்குரிய தண்டனை முழுவதையும் நீக்கும், மரண நேரத்துக்குரிய பரிபூரண பலனைத் திருச்சபை தானே அவருக்கு வழங்குகிறது. கையில் சிலுவை இருப்பது நல்லது என்று அதே ஒழுங்கு சொல்கிறது. வரத் தாமதித்ததற்காக உங்களையோ குருவானவரையோ நொந்துகொண்டிருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவர் பெற விரும்பி ஆபத்தில் இருந்தால் அதற்குக் குருவானவர்தான் வேண்டும் என்றில்லை. தலையில் தண்ணீர் ஊற்றியபடி, பிதா சுதன் தூய ஆவியின் பெயரால் உமக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று யாரும் சொல்லலாம்.

உயிர் பிரிந்துவிட்டது என்று நிச்சயமானால் பூசமாட்டார். அருட்சாதனங்கள் உயிரோடிருப்பவருக்கே. நிச்சயமில்லை என்றால் பூசுவார். எப்படியானாலும் வரச்சொல்லுங்கள். இறந்தவருக்கான செபத்தைச் சொல்லி, உங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

பூசுதல் பெற்றுத் தேறிவருகிறவரை அப்படியே விட்டுவிட வேண்டாம். மாதந்தோறும் முதல் வெள்ளியன்று வீடுகளுக்கு நன்மை கொண்டுபோகும் பட்டியல் பல பங்குகளில் இருக்கும், அதில் அவர் பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இடைப்பட்ட வாரங்களில் நற்கருணைப் பணியாளரோ அருட்சகோதரியோ கொண்டுவரலாம். ஊரை விட்டு மகள் வீட்டுக்குப் போய்த் தங்கினால் அந்தப் பங்கிலும் சொல்லிவைக்க வேண்டும், நம் பங்குத்தந்தை அங்கே தேடி வரமாட்டார். புது ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே அந்தக் கோயிலின் எண்ணை வாங்கி, மருந்துச் சீட்டு ஒட்டியிருக்கும் இடத்திலேயே ஒட்டிவையுங்கள்.